ஒரு பிடி எள்ளும் நித்திய ஆக்கினையும்

திருகோணமலை மீன் சந்தையில் விடியற்காலையில் அரை மணித்தியாலம் நின்றால் நரகம் என்ற சொல் நாலைந்து தடவை காதில் விழும். அங்கே யாரும் யாரையும் சபிப்பதில்லை. நீர்கொழும்புப் பக்கமிருந்து பருவத்துக்கு வந்து வாடி போட்டிருக்கும் சிங்களத் தொழிலாளி ஒருவர் பாரையின் செவுளை விரலால் தூக்கிப் பார்ப்பார். நிறம் மங்கியிருந்தால் "மாளு நரக் வெலா" என்று தள்ளி வைப்பார். மீன் பழுதாய்ப் போச்சு, அவ்வளவுதான். சிங்களத்தில் நரக என்றால் கூடாதது, கெட்டது. பால் திரிந்தாலும் காலநிலை மோசமானாலும் அதே சொல்தான்.

என் அம்மம்மா அந்தச் சொல்லைக் கேட்டதும் மீன் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு நெற்றியில் சிலுவை வரைவார். சிங்களம் நன்றாகத் தெரிந்தவர். அந்த மனிதர் மீனைப் பற்றித்தான் சொல்கிறார் என்பதும் தெரியும். ஆனாலும் அந்த ஒலி அவருக்கு வேறொன்றைச் சொன்னது. ஒரே சொல் ஒருவருக்கு மீனின் செவுளாகவும் இன்னொருவருக்கு முடிவே இல்லாத தண்டனையாகவும் எப்படி ஆனது என்று நான் பல வருடங்களாகத் தேடியிருக்கிறேன். தேடியதற்கு அம்மம்மாதான் காரணம்.

இருபத்தேழு வருடம் நீதிமன்றங்களில் உரைபெயர்ப்பாளராக வேலை செய்தவள் நான். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றுக்கும் நடுவில் நின்று தண்டனை பற்றிய சொற்களை ஒரு பக்கமிருந்து வாங்கி மறுபக்கம் கொடுப்பதுதான் தொழில். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், தாபரிப்பு வழக்கொன்றில் ஒரு பெண் சாட்சிக்கூண்டில் ஏறினார். கணவர் குடித்துவிட்டு வந்து தருகிற ஆக்கினை தாங்க முடியவில்லை என்றார். நான் ஆக்கினையைத் தண்டனை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். நீதவான் நிமிர்ந்து பார்த்தார். கணவர் தண்டிக்கிறார் என்றால் மனைவி என்ன குற்றம் செய்தார் என்று அடுத்த கேள்வி வந்தது. அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியது. ஒரு குற்றமும் செய்யாதவரை என் ஒற்றைச் சொல் குற்றவாளியாக்கிவிட்டது. உடனே திருத்தினேன். அன்றிரவு வீட்டுக்கு வந்து அகராதிகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஆக்கினையின் வேர் வடமொழி ஆஜ்ஞா. அதற்குக் கட்டளை என்று பொருள். பிராகிருத வழியாக வந்தபோது அதே வேர் தமிழில் ஆணை ஆயிற்று, சிங்களத்தில் அண ஆயிற்று. நேராக வந்தபோது ஆக்கினை ஆயிற்று. முதலில் அரசன் இடும் கட்டளை, பிறகு கட்டளையை மீறியவனுக்குக் கிடைப்பது என்று பொருள் நகர்ந்தது. அதற்கும் பிறகு நம்முடைய ஈழத்து அடுப்படிகளில் அரசனும் மறைந்தான், கட்டளையும் மறைந்தது, உபத்திரவம் மட்டும் எஞ்சியது. "ஆய்க்கினை பண்ணாதை பிள்ளை" என்று அம்மம்மா ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்னை அதட்டியிருப்பார்.

அந்தச் சொல்தான் பழைய தமிழ் வேதாகமத்தில் நிற்கிறது. மத்தேயு 25ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில் இடப்பக்கத்தார் போகிற இடத்துக்கு நித்திய ஆக்கினை என்று பெயர். தமிழில் புதிய ஏற்பாட்டை முதலில் முடித்தவர் தரங்கம்பாடி சீகன்பால்கு. 1714இல் அச்சு தொடங்கியது. அவருக்குப் பின், ஒல்லாந்தர் காலத்து இலங்கையில் பிலிப் தெ மெல்லோ என்ற நம் நாட்டுப் போதகர் தமிழில் புதிய ஏற்பாட்டை 1759இல் கொழும்பில் அச்சேற்றினார். பிறகு பப்ரீசியஸ். அதற்கும் பிறகு யாழ்ப்பாணத்தில் பேர்சிவலோடு ஆறுமுக நாவலர் உட்கார்ந்து செய்த 1850ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு. கடவுளின் தண்டனைக்குத் தமிழில் எந்தச் சொல்லை எடுப்பது என்று இவர்கள் ஒவ்வொருவரும் மேசை முன்னால் யோசித்திருப்பார்கள். ஒரு சொல்லைத் தவறாகப் பெயர்த்துவிட்டு நித்திரை இல்லாமல் கிடந்தவள் என்பதால் அவர்களை என்னால் வெறும் பெயர்களாக நினைக்க முடியவில்லை.

நான் படித்தது மெதடிஸ்த பள்ளிக்கூடம் ஒன்றில். அம்மாவின் பக்கம் பாலையூற்றுக் கத்தோலிக்கர், அப்பாவின் பக்கம் சைவர், பள்ளிக்கூடம் மெதடிஸ்தம். திருகோணமலையில் இப்படிப்பட்ட வீடுகள் அபூர்வமில்லை. வேதபாட வகுப்புக்காக அந்த அதிகாரத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். அம்மம்மா கிடுகு பின்னிக்கொண்டிருந்தார். நித்திய ஆக்கினை என்ற இடம் வந்ததும் கை நின்றது.

"நித்தியம் எண்டால்? அதுக்கு முடிவு ஒண்டு இல்லையே?"

"இல்லையாம் அம்மம்மா. எண்டைக்கும்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கிடுகை விட்டெழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டார். ஏன் போனார் என்று அம்மா எனக்குச் சொல்ல இன்னும் இரண்டு வருடம் ஆனது.

1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் தேதி காலை ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்திலும் சீனக்குடா விமானத் தளத்திலும் குண்டு போட்டன. அம்மம்மாவுக்கு அப்போது இருபது வயது, நிறைமாதம். எண்ணெய்த் தாங்கி ஒன்று பற்றி எரிந்தது. குண்டுபட்ட ஜப்பானிய விமானம் ஒன்றே அதில் வந்து மோதியது என்பார்கள். ஊர் சனமெல்லாம் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு உள்நாட்டுப் பக்கம் ஓடியது. அம்மம்மாவை மாட்டுவண்டியில் தம்பலகாமத்துக்குக் கொண்டுபோனார்கள். வண்டியின் பின்பக்கத்தால் பார்த்துக்கொண்டே போனாராம். கரும்புகை ஒரு மலைபோலக் கூடவே வந்துகொண்டிருந்ததாம். எரிநரகம் என்று பூசையில் கேட்டதைக் கண்ணால் கண்டது அன்றைக்குத்தான் என்பார். அந்தத் தாங்கி நாள்கணக்காக எரிந்து பிறகு அணைந்துபோனது.

தம்பலகாமத்தில், ஒரு வயல்காரர் வீட்டுத் திண்ணையில், பெண் குழந்தை பிறந்தது. கிண்ணியாவிலிருந்து வந்திருந்த ஒரு முஸ்லிம் மருத்துவிச்சிதான் பிள்ளையை எடுத்தவர். பிள்ளை ஓர் இரவும் பாதிப் பகலும் உயிரோடு இருந்தது. சுவாமியாரைக் கூட்டி வர ஆள் போனது. சுவாமியாரும் எங்கோ சனத்தோடு சனமாக அலைந்துகொண்டிருந்தார். ஆள் திரும்பி வருவதற்குள் பிள்ளை போய்விட்டது. ஞானஸ்நானம் இல்லை. பெயரும் இல்லை. வயல் வரம்போரத்து மருத மரத்தடியில் புதைத்தார்கள். அங்கே சிலுவையும் இல்லை.

ஊர் திரும்பியபின் ஒரு உபதேசியார் சொன்னாராம்: ஞானஸ்நானம் பெறாத பிள்ளை மோட்சத்தைக் காணாது. நெருப்பும் கிடையாது, வேதனையும் கிடையாது என்று அவர் தொடர்ந்து சொல்லியிருக்கிறார். அம்மம்மாவின் காதில் முதல் பாதி மட்டும் தங்கியது. மோட்சம் இல்லாவிட்டால் மிச்சம் இருப்பது ஒன்றுதானே? இருபது வயதுத் தாய் ஒருத்தி தன் பிள்ளையை மனத்துக்குள் எரிநரகத்தில் விட்டாள், சீனக்குடாப் புகை வடிவில். அதைச் சுமந்துகொண்டு நாலு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தாள்.

எனக்கு இன்றைக்கும் நெஞ்சு பொறுக்காத விஷயம் ஒன்று உண்டு. ஆபத்து வேளையில் ஞானஸ்நானம் கொடுக்கக் குருவானவர் வேண்டியதில்லை. யாரும் கொடுக்கலாம். கிறிஸ்தவர் அல்லாதவர்கூட, திருச்சபை கருதுவதைக் கருதிக்கொண்டு தண்ணீர் ஊற்றி உரிய வார்த்தைகளைச் சொன்னால் அது செல்லும் என்று புளோரன்ஸ் பொதுச்சங்கம் 1439இலேயே எழுதி வைத்துவிட்டது. அந்தத் திண்ணையில் தண்ணீர் இருந்தது. அந்த மருத்துவிச்சியின் கை இருந்தது. அந்தக் கை போதும் என்று அங்கிருந்த ஒருவருக்கும் யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படி ஞானஸ்நானம் பெறாமல் இறந்தவரைத் திருச்சடங்கோடு அடக்கம் செய்ய இடமில்லை என்பது மட்டும் ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தது.

இனி அந்தச் சொற்களுக்கு வருகிறேன். அவற்றைத் தோண்டித் தோண்டி நான் கண்டதைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: நரகத்தைக் குறிக்கும் எந்தச் சொல்லின் வேரிலும் என்றென்றைக்கும் என்ற பொருள் இல்லை. எல்லாமே ஒரு இடத்தையோ ஒரு நிலையையோ சொல்லப் பிறந்தவை. முடிவில்லாமை பிறகு ஓர் அடைமொழியாக வந்து ஒட்டிக்கொண்டது.

நரகம் என்ற சொல்லை வேதச் சொற்களுக்கு விளக்கம் எழுதிய யாஸ்கர் கிறிஸ்துவுக்கு முந்திய காலத்திலேயே இரண்டு விதமாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார். ஒன்று, கீழே போதல். மற்றது, மகிழ்ச்சிக்குக் கொஞ்சம்கூட இடமில்லாதது. இரண்டாவது பிரிப்பு மொழியியல்படி நிற்காது. கீழே என்ற பொருளையே இன்றைய அறிஞரும் ஏற்கிறார்கள், கிரேக்கத்தில் கீழ் என்பதற்குள்ள சொல்லோடு உறவு காட்டுகிறார்கள். நிற்காவிட்டாலும் எனக்கு அந்த இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. துயரப்பட்ட ஒருவர் சொன்ன விளக்கம்போல இருக்கிறது. அந்தக் கீழ் உலகமே தமிழில் நரகல் என்று மனித மலத்தின் பெயராகவும் சிங்களத்தில் கெட்ட மீனின் பெயராகவும் மண்ணுக்கு இறங்கியிருக்கிறது.

தமிழின் சொந்தச் சொல் அளறு. வள்ளுவர் அளறு என்கிறார், ஆரிருள் என்கிறார். அளறு என்றால் சேறு. அள்ளல் என்பதும் அதே வேர். நிகண்டுகள் எழுநரகத்தை வரிசைப்படுத்தும்போது ஒன்றுக்கு அள்ளல் என்றே பெயர் வைக்கின்றன. இன்னொன்று பூதி, துர்நாற்றம். தம்பலகாமத்துக் களப்பில் இறங்கி நடந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. முழங்காலுக்கு மேல் சுரி பிடித்துவிட்டால் ஒரு காலை இழுக்க மறுகால் இன்னும் கீழே போகும். தனியே ஏற முடியாது. கரையிலிருந்து யாராவது ஒரு தடியை நீட்ட வேண்டும். அளறு என்று பெயர் வைத்தவர்கள் இதையெல்லாம் கண்டவர்கள் என்றே நினைக்கிறேன். புதைவதைச் சொல்லும் அந்தச் சொல், வெளியே வரவே முடியாது என்று சொல்லவில்லை.

இதற்கு எதிராக ஒரு சான்று நம் சங்க இலக்கியத்திலேயே இருக்கிறது. அதை மறைத்துவிட்டு மேலே போக எனக்கு மனமில்லை. குறுந்தொகையில் பரணர் பாடிய 292ஆம் பாட்டு. ஆற்றில் மிதந்து வந்த ஒரு பசுங்காயைத் தின்ற பெண்ணுக்கு நன்னன் கொலைத் தண்டனை விதித்தான். ஈடாக எண்பத்தொரு யானைகளும் அவள் நிறைக்கு நிறை பொற்பாவையும் தருவதாகச் சொல்லியும் அவன் கேட்கவில்லை. அந்த நன்னன் போன இடத்துக்கு, எல்லையே இல்லாத நிரயத்துக்கு, மகளைத் தூங்காமல் காவல் காக்கும் அன்னையும் போகட்டும் என்று அந்தப் பாட்டில் ஒரு பெண்குரல் சபிக்கிறது. ஆக, முடிவில்லாத நரகம் தமிழுக்குத் தெரியாததல்ல. ஈராயிரம் ஆண்டுப் பழமை அதற்கு உண்டு. ஆனால் அது வந்த வாயைப் பாருங்கள். கோபத்தில் கொதிக்கும் ஓர் இளம் பெண்ணின் வாய். அவள் நினைவில் இருப்பது காயொன்றைத் தின்றதற்காகக் கொல்லப்பட்ட இன்னொரு பெண். எல்லை இல்லாத கோபம் எல்லை இல்லாத தண்டனையைக் கேட்கிறது. நீதிமன்றத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் எதிரிக் கூண்டைப் பார்த்துச் சொன்னவற்றை நான் மொழிபெயர்த்திருக்கிறேன். அந்தக் கோபத்தை ஒருநாளும் சிறிதாக எண்ணமாட்டேன்.

நிரயம் பாளியிலும் உள்ள சொல். பௌத்தம் அதை நன்றாகவே பயன்படுத்தியது. திருகோணமலை நகரிலிருந்து பெரியகுளம் பக்கம் போனால் காட்டோரத்தில் வெல்கம் விகாரை இருக்கிறது. நம்மவர்கள் நாதனார் கோயில் என்பார்கள். சோழர் அதற்கு இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயரிட்டார்கள். பதினோராம் நூற்றாண்டில் தமிழ்ப் பௌத்தர்கள் அங்கே விளக்குகளும் மாடுகளும் தானம் செய்து தமிழிலேயே கல்லில் வெட்டி வைத்தார்கள். அந்தத் தமிழ்ப் பௌத்தரின் உலகில் நரகம் எப்படிப்பட்டது என்பதை மணிமேகலையிலிருந்து அறியலாம். மக்கள், தேவர், விலங்கு, பேய் என்பவற்றோடு நரகரையும் ஒரு பிறவி வகையாகத்தான் அது எண்ணுகிறது. ஒரு பிறவியில் வாழ்ந்து தீர்த்து இன்னொன்றுக்குப் போகலாம். அவீசி என்ற கொடிய நரகத்துக்கே அலையற்றது, இடைவெளியற்றது என்றுதான் பொருள் சொல்வார்கள். புத்தரைக் கொல்லப் பார்த்த தேவதத்தன் அதில் விழுந்தான். அவனும் ஊழி முடிந்து வெளியே வந்து பச்சேக புத்தன் ஆவான் என்பது தேரவாத மரபு.

சிங்களவர் நரகத்துக்கு அதிகமாகச் சொல்லும் சொல் அபாய. நமக்கு அபாயம் என்றால் ஆபத்து, மின்கம்பத்திலும் மிதிவெடி வயலிலும் பலகையில் எழுதியிருப்பது. இரண்டும் ஒரே சொல்தான், விலகிப் போதல் என்பதே வேர். வழிதவறி விலகியவனுக்கு நேர்வதை அவர்கள் மறுமையில் வைத்தார்கள், நாம் தெருவில் வைத்தோம்.

அந்த விகாரைக்கு நான் முதலில் போனபோது விளக்குத் தானங்களைப் பற்றித்தான் அதிகம் யோசித்தேன். நந்தா விளக்கு என்றால் அணையாத விளக்கு. எந்த விளக்கும் தானாக அணையாமல் இராது. மாடு கொடுத்தார்கள், மாட்டிலிருந்து பால், பாலிலிருந்து நெய், நெய்யை ஒருவர் ஒவ்வொரு நாளும் கொண்டுவந்து ஊற்ற வேண்டும். சோழர் கல்வெட்டுகள் விளக்குக்கு விடும் ஆடுகளைச் சாவா மூவாப் பேராடு என்று சொல்லும். ஆடுகள் சாகும், மூக்கும். மந்தை குறையாமல் பார்த்துக்கொள்வது இடையரின் பொறுப்பு. நித்தியம் என்ற சொல்லும் இதே இனம். வடமொழியில் அதன் பழைய பொருள் தனக்கே உரியது, மாறாதது. தமிழில் அது நித்தம், நித்தமும், ஒவ்வொரு நாளும். கோணேசர் கோயிலில் நித்திய பூசை என்றால் முடிவில்லாத பூசை என்று ஒருவரும் நினைப்பதில்லை, அன்றாடப் பூசை. அம்மம்மாவின் காதுக்குள் இருந்த தமிழில் நித்திய ஆக்கினை என்பதைப் பிரித்தால் வருவது அன்றாட உபத்திரவம். அவருக்கு ஐம்பத்தேழு வருடம் நடந்தது சொல்லுக்குச் சொல் அதுதான்.

கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் இருப்பது கொலாசிஸ். அதன் அடிப்படையில் மரத்தின் மிகைக் கிளையைத் தறிக்கிற செயல் இருக்கிறது. நித்திய என்பதற்கு மூலம் ஐயோனியோஸ், ஊழிக்குரியது. இந்தச் சொற்களை வைத்துக்கொண்டு மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகனும் நான்காம் நூற்றாண்டில் நிசாவின் கிரகோரியும் கடவுளின் நெருப்பு சுகப்படுத்துவதற்கானது, ஒருநாள் எல்லாரும் மீள்வார்கள் என்று நம்பினார்கள். அகுஸ்தீன் அதை மறுத்தார். மேற்குத் திருச்சபையில் அகுஸ்தீன் சொன்னதே நிலைத்தது. ஞானஸ்நானம் பெறாத குழந்தைக்கும் தண்டனை உண்டு, ஆனால் மிக மெல்லியது என்று எழுதியவரும் அவரே.

எரிநரகம் என்று நம் வேதாகமம் சொல்லும் இடத்தின் கிரேக்கப் பெயர் கெஹென்னா. எபிரேயத்தில் அது இன்னோம் பள்ளத்தாக்கு. எருசலேமின் தெற்குப் பக்கத்தில், இன்றைக்கும் புல் முளைத்துக் கிடக்கிற ஓர் இடம். கிண்ணியா, மூதூர்ப் பள்ளிவாசல்களில் கேட்கும் ஜஹன்னம் என்ற அரபுச் சொல்லும் அதே பள்ளத்தாக்குத்தான். நம்முடைய குடாவின் இக்கரையும் அக்கரையும் அஞ்சுவது ஒரே நிலத்தின் பெயருக்கு. அந்த நிலத்துக்கு அந்தப் பெயர் ஏன் கெட்டது என்பதை எரேமியா தீர்க்கதரிசி ஏழாம் அதிகாரத்தில் சொல்கிறார். அங்கே தாய் தகப்பன்மார் தங்கள் மகன்களையும் மகள்களையும் நெருப்பில் பலியிட்டார்கள். அப்படி நான் கட்டளையிடவில்லை, அது என் மனதில் தோன்றவும் இல்லை என்று கடவுள் சொல்வதாக எரேமியா எழுதுகிறார்.

இதை வாசித்த அன்று நான் புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகளை நெருப்பில் இடுவதைக் கண்டு ஒருவர் அழுத அழுகையிலிருந்து பிறந்த சொல் அது. அதே சொல் கடல் தாண்டி, மொழி தாண்டி, பாலையூற்றில் ஒரு தாயிடம் வந்து சேர்ந்தபோது அவளுடைய பிள்ளையை நெருப்பில் இட்டது.

அம்மம்மாவுக்கு உபதேசியார் சொல்ல வந்த இடத்துக்கு இலத்தீனில் லிம்பஸ் என்று பெயர், லிம்போ என்பது நாமறிந்த வடிவம். லிம்பஸ் என்றால் துணியின் ஓரம், கரை. சேலைக்கும் கடலுக்கும் கரை என்ற ஒரே சொல்லை வைத்திருக்கிற நமக்கு இது எவ்வளவு இலகுவாகப் புரிந்திருக்கும்! பிள்ளை கரையில் நிற்கிறது என்று அவர் சொல்லியிருந்தால் அம்மம்மா தாங்கியிருப்பார். கடற்கரையில் பிள்ளைகள் நிற்பதை அவர் ஒவ்வொரு நாளும் கண்டவர்தானே. 2007 ஏப்ரலில் வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் ஆணைக்குழு ஓர் ஆவணத்தை வெளியிட்டது. ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தைகள் மீட்புப் பெறுவார்கள் என்று நம்பத் தகுந்த காரணங்கள் உண்டு என்று அதில் இருந்தது. நான் அதைப் படித்தபோது அம்மம்மா இறந்து எட்டு வருடம் ஆகிவிட்டது.

ஆனால் அவருக்கு வேறு இரண்டு இடங்களிலிருந்து மறுமொழி கிடைத்திருந்தது. ஒன்று, அந்தத் திண்ணையிலேயே. பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொடுத்தபோது அந்தக் கிண்ணியா மருத்துவிச்சி சொன்னாராம்: "அழாத மகள். பச்சப் புள்ளக்கி ஏது நரகம்? அது நேரா சுவர்க்கத்துக்குத்தான் போகும்." அம்மம்மா அதை மறக்கவில்லை. வேறு மார்க்கத்துச் சொல்லை நம்பலாமா என்று தயங்கித் தயங்கி அதைப் பக்கத்தில் வைத்திருந்தார்.

மற்றது கன்னியாவில். 1978இல் என் அப்பப்பா இறந்தார். எனக்குப் பத்து வயது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கன்னியாவுக்குப் போனோம். திருகோணமலைச் சைவர்களுக்கு அந்தியேட்டி என்றால் கன்னியாதான். இராவணன் தன் தாயின் கிரியைக்காக நிலத்தைக் குத்தி எடுத்த தண்ணீர் என்பது ஐதீகம். ஏழு சிறு கிணறுகள், ஒவ்வொன்றிலும் வெம்மை வேறு வேறு. வாளியால் அள்ளித் தலையில் ஊற்றும்போது முதலில் உடம்பு சிலிர்க்கும், பிறகு இளகும். அழுது களைத்தவர்களுக்கு ஏற்ற தண்ணீர்.

சம்பந்தி என்ற முறையில் அம்மம்மாவும் வந்திருந்தார். செபமாலையைக் கைக்குள் பொத்திக்கொண்டு ஒரு மரத்தடியில் தள்ளி நின்றார். கிரியை நடந்துகொண்டிருந்தபோது குருக்கள் ஐயா புத் என்ற நரகத்தைப் பற்றிச் சொன்னார். பெற்றவரை அந்த நரகத்திலிருந்து காப்பதால்தான் பிள்ளைக்குப் புத்திரன் என்று பெயர் என்றார். அப்பா மொட்டைத் தலையோடு எள்ளும் தண்ணீரும் இறைத்தார். நான் திரும்பிப் பார்த்தேன். அம்மம்மா கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிள்ளைகள் பெற்றவரை மீட்பதற்குச் சடங்கு இருந்தது. பெற்றவள் தன் பிள்ளையை மீட்க அவருக்குத் தெரிந்த எந்தப் புத்தகத்திலும் வழி இல்லை.

அப்பாச்சியும் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். அம்மா அவருக்கு எப்போது சொன்னார் என்று எனக்குத் தெரியாது. கணவனை இழந்து முப்பத்தொரு நாளான மனுஷி, ஈரச் சேலையோடு எழும்பி மரத்தடிக்குப் போய் அம்மம்மாவின் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்.

"ஐயா, இன்னொரு ஆளுக்கும் ஒரு பிடி இறைக்க வேணும்."

குருக்கள் ஐயா சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார். அம்மம்மாவின் கழுத்தில் கிடந்த சுரூபத்தைப் பார்த்தார். கையிலிருந்த செபமாலையையும் பார்த்தார். பிறகு கட்டின முடிச்சை அவிழ்த்து எள்ளை எடுத்தார்.

"பேர் என்ன?"

யாரும் பேசவில்லை. பேர் வைக்கவில்லை என்று அம்மா மெல்லச் சொல்லத் தொடங்கினார். அதற்குள் அம்மம்மா சொல்லிவிட்டார்.

"பிலோமினா."

அம்மா திடுக்கிட்டுத் தாயைப் பார்த்தார். முப்பத்தாறு வருடமாக அந்தப் பெயரை அவர் யாரிடமும் சொன்னதில்லை. குருக்கள் ஐயா ஒரு தரம் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு, பிறகு உரத்துச் சொல்லி, அம்மம்மாவின் உள்ளங்கையில் எள்ளை வைத்துத் தண்ணீரை ஊற்றினார்.